எந்தக் குவியலின் உப்பு?

1. முதல் நாள்

சென்னையில் வங்கிகளுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனிகளில் இருபது வருடத்துக்கு மேல் டேட்டாபேஸ் வேலை பார்த்தவள் நான். கணவருக்குப் புதுச்சேரிக்கு மாற்றல் வந்தது. அங்கிருந்து மரக்காணம் போகும் வழியில், கீழ்புத்துப்பட்டில் எங்கள் சொந்த வீடு இருந்தது. அப்போது மரக்காணத்தில் உப்பு எடுப்பவர்கள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு சங்கத்தில் ஆள் தேடினார்கள். லோடு ஏற்றுவதையும் விற்பதையும் செல்போன் ஆப் வழியாகச் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். அது அடிக்கடி சிக்கல் தந்தது. வேலைக்குச் சேர்ந்தேன்.

சேர்ந்த அன்று காலையில் நான் நாற்காலியில் உட்கார்வதற்கு முன்பே போன் வந்துவிட்டது. பெங்களூரில் உப்பைக் கழுவி, அயோடின் கலந்து, பாக்கெட் போடும் கம்பெனி. சங்கத்தின் பெரிய வாடிக்கையாளர் அவர்கள்தான். ஒரு லோடில் மண் அதிகமாக இருக்கிறது, அது எந்தக் குவியலின் உப்பு என்று கேட்டார்கள். செயலாளர் தனசேகர் கம்ப்யூட்டரைப் பார்த்து ஒரு பதில் சொன்னார். லோடிங் சூப்பர்வைசர் கௌசல்யா தன் செல்போனைப் பார்த்து வேறு பதில் சொன்னார். லாரி டிரைவர் மூன்றாவதாக ஒன்று சொன்னார். பெங்களூர்க்காரர் போனை வைத்துவிட்டார்.

நான் டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு டேபிள். லாரி நம்பர், டிரைவர் பெயர், எடை, வாங்குபவர், குவியல், எல்லாம் ஒரே ரோவில். குவியல் என்ற ஃபீல்டில் ஆளாளுக்குத் தோன்றியதை டைப் செய்திருந்தார்கள். "மேற்கு குவியல்", "மே.குவியல்", "west", "இன்ஜின் பக்கம்". நான்குமே ஒரே குவியல்தான் என்று கௌசல்யா விளக்கினார்.

தனசேகர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். "எல்லாம் ஒரே எடத்துல இருக்குதும்மா, அதான் வசதி. நீங்க ஒரு ரிப்போர்ட் மட்டும் போட்டுக் குடுங்க. பட்டனை அமுக்குனா எந்தக் குவியல்னு வரணும்" என்றார்.

பதிவாகாத விஷயம் எந்த பட்டனை அமுக்கினாலும் வராது சார் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. முதல் நாளே இப்படிப் பேசுகிறாளே என்று நினைத்திருப்பார்.

2. ஒரு லாரி, பல குவியல்

டேபிளை வரைவதற்கு முன்னால் உப்பளத்துக்குப் போய் நின்று பார்த்தேன். வங்கி வேலையில் எனக்கு அந்த வாய்ப்பே கிடைத்ததில்லை. பணம் நகர்வதை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. உப்பு நகர்வதைப் பார்க்கலாம்.

பாத்தியில் உப்பை வாரி வரப்பில் போடுகிறார்கள். அங்கிருந்து மேட்டுக்குக் கொண்டுபோய்க் குவிக்கிறார்கள். ஒரு குவியலில் பல பாத்திகளின் உப்பு சேர்கிறது. ஒரு லாரி நிறைய ஒரு குவியல் போதவில்லை என்றால் அடுத்த குவியலில் இருந்து அள்ளிப் போடுகிறார்கள். மழை வரும்போல் இருந்தால் தாழ்வான குவியலை அப்படியே மேடான இடத்துக்கு மாற்றுகிறார்கள். பெங்களூர் ஆலையில் பல லாரி உப்பு ஒரே தொட்டியில் கலந்து ஒரு பேட்ச் ஆகிறது.

"இந்த லாரி எந்தக் குவியல்" என்ற கேள்வியே தப்பு என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது. ஒரு லாரிக்குள் பல குவியல். ஒரு குவியலில் இருந்து பல லாரி. இதை ஒரு ஃபீல்டில் அடக்க முடியாது.

மூன்று டேபிளாகப் பிரித்தேன். முதலாவது இடங்கள்: பாத்தி, குவியல், லாரி, ஆலையின் பேட்ச், உப்பு இருக்கக்கூடிய எதுவாக இருந்தாலும் அது ஓர் இடம். ஒவ்வொன்றுக்கும் பெயரோடு சம்பந்தமில்லாத ஒரு பிரைமரி கீ, அதாவது தனி அடையாள எண். ஏனென்றால் ஒவ்வொரு சீசனிலும் "ஏழாம் குவியல்" என்று ஒன்று இருக்கும், ஆனால் போன வருடத்து ஏழும் இந்த வருடத்து ஏழும் ஒன்றல்ல. இரண்டாவது நகர்வுகள்: எங்கிருந்து, எங்கே, எவ்வளவு, எப்போது, நகர்த்தியவர் யார். மூன்றாவது, உப்பின் தரத்தைப் பார்த்த சோதனைகள். ஆலையும் தன் பக்கத்தில் எந்த பேட்ச்சில் எந்த லாரி சேர்ந்தது என்று தினமும் அனுப்பும்படி கேட்டு வாங்கினேன். பழைய விவரங்களில் தெளிவாக இருந்ததை மட்டும் புதிய டேபிளுக்கு மாற்றினேன். மற்றதைத் தனியாக வைத்தேன். ஊகித்து எதையும் நிரப்பவில்லை.

செல்போன் ஆப்பை எழுதிய இர்ஃபான் கூனிமேட்டுப் பையன். பொறியியல் முடித்து அந்த ஊரிலேயே வேலை வேண்டும் என்று தங்கியவன். டிசைனைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு லோடுக்கு ஒரு ரோ இருந்துச்சு. இப்ப ரோ ஏறிக்கிட்டே போகும். டேட்டாபேஸ் தாங்குமா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். சீசன் வாரியாக பார்ட்டிஷன் பிரித்தோம். "எங்கிருந்து", "எங்கே" இரண்டு பக்கமும் சீக்கிரம் தேட இன்டெக்ஸ் போட்டோம். தாங்கியது.

ஆப்பில் டைப் செய்கிற வேலையையே எடுத்துவிடச் சொன்னவர் கௌசல்யா. உப்புத் தண்ணீர் பட்ட கையில் டச் ஸ்கிரீன் வேலை செய்யாது. ஒவ்வொரு குவியலிலும் ஒரு பலகை நட்டு, பெயின்டில் பெரிதாக எண் எழுதினோம். ஆப்பில் அதே எண் பெரிய கட்டமாக இருக்கும். கையைத் துடைத்துவிட்டு ஒரு தட்டு தட்டினால் போதும்.

3. எடிட் பட்டன்

சண்டை வந்தது வேறு விஷயத்தில். நகர்வுகள் டேபிளில் யாரும் எதையும் திருத்தவோ அழிக்கவோ முடியாது என்று வைத்தேன். தப்பாகப் போட்டுவிட்டால், தப்பு என்று சொல்லும் இன்னொரு ரோவைச் சேர்க்க வேண்டும். பழையது அப்படியே இருக்கும்.

தனசேகருக்குப் பிடிக்கவில்லை. செயலாளருக்குக்கூடத் திருத்தும் உரிமை இல்லையா என்று கேட்டார். எனக்கும் இல்லை சார் என்று, என் லாகினில் இருந்து அந்த உரிமையை அவர் எதிரிலேயே எடுத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை; ஆனால் கோபம் இருந்தது.

இன்னொன்று, உப்பளத்தில் பல இடங்களில் டவர் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு நகர்வுக்கும் போனிலேயே தனி ஐடி உருவாகி, போனுக்குள் காத்திருந்து, டவர் கிடைத்ததும் சிங்க் ஆகும்படி இர்ஃபான் செய்தான். நான் இரண்டு நேரங்களைப் பதிவு செய்யச் சொன்னேன்: உப்பு நகர்ந்த நேரம் ஒன்று, அந்தத் தகவல் எங்களுக்கு வந்து சேர்ந்த நேரம் ஒன்று. எதற்கு ரெண்டு என்று அவனும் கேட்டான். இரண்டும் வேறு வேறு உண்மை, ஒன்றை வைத்து இன்னொன்றைக் கண்டுபிடிக்க முடியாது என்றேன். அதற்கு மேல் அன்று எனக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை.

4. டீசல் வாடை

அடுத்த கோடையில் உப்பு நன்றாக விளைந்தது. மேடெல்லாம் வெள்ளைக் குவியல். ஒரு நாள் காலை பெங்களூர் கம்பெனியின் தர அதிகாரி நரசிம்மன் கூப்பிட்டார். பாக்கெட்டைப் பிரித்தால் டீசல் வாடை அடிக்கிறது, பல கடைகளில் இருந்து புகார் என்றார். மரக்காணத்தில் இருந்து வரும் எல்லா லாரிகளையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மதியம் அவர்கள் மேலிடத்தில் கூட்டம். இந்தக் கரையில் இருந்து உப்பு வாங்குவதையே விட்டுவிடலாமா என்று அதில் முடிவெடுப்பார்களாம்.

ஈ.சி.ஆர். ஓரத்தில் லோடு ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. பெங்களூர் கைவிட்டால் மற்றவர்களும் கேள்விப்பட்டு விலகுவார்கள். விற்காத குவியல் மழைக்காலத்தில் கரைந்துபோகும். கூலிக்கு உப்பு வாருபவர்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தனசேகர் என் மேசைக்கு வந்து, "உங்க டேபிள் என்ன சொல்லுதும்மா?" என்று மட்டும் கேட்டார்.

வாடை வந்த பேட்ச் எண்களையும், வாடை இல்லாத சில பேட்ச் எண்களையும் அனுப்பச் சொல்லி நரசிம்மனைக் கேட்டேன். நல்லது எதற்கு என்றார். கெட்டதில் மட்டும் இருப்பது எது என்று தெரிய நல்லதும் வேண்டும் என்றேன். அனுப்பினார்.

5. சுற்றிக்கொண்டே இருந்த குவெரி

நான் எழுதிவைத்திருந்தது ஒரு ரிகர்சிவ் குவெரி, கிடைத்த பதிலை வைத்து அடுத்த கேள்வியைத் தானே கேட்டுக்கொண்டு போவது. பேட்ச்சில் ஆரம்பித்துப் பின்னோக்கி நடக்கும்: பேட்ச்சுக்குள் போன லாரிகள், லாரிக்குள் போன குவியல்கள், குவியலுக்குள் வந்து சேர்ந்த வேறு குவியல்கள், கடைசியில் பாத்திகள். மெயின் சர்வரில் ஓட்டினால் எடை போடும் வேலை தடைபடும் என்று, அதன் நகலான ரெப்ளிகாவில் ஓட்டினேன்.

பதில் வரவில்லை. ஸ்கிரீன் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் தனசேகர், இர்ஃபான், கௌசல்யா மூவரும் நின்றார்கள். எத்தனையோ வங்கி சர்வர்கள் விழுந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் வாசலில் யாரும் நின்றதில்லை.

குவெரியை நிறுத்திவிட்டு, அது எங்கே நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தேன். பன்னிரண்டாம் குவியலில் இருந்து ஏழுக்குப் போனது, ஏழில் இருந்து பன்னிரண்டுக்கு வந்தது, மறுபடி ஏழுக்குப் போனது. கௌசல்யாவிடம் கேட்டேன். "ஆமாக்கா. மழை வர்ற மாதிரி இருந்துச்சுன்னு பன்னெண்டுல பாதியை ஏழுக்கு மாத்துனோம். அப்புறம் வெயில் அடிச்சிடுச்சு. ஏழு சரிய ஆரம்பிச்சதும் கொஞ்சத்தைத் திரும்ப அங்கியே கொட்டிட்டோம்" என்றார்.

அவர்கள் செய்ததும் சரி, அதைப் பதிவு செய்ததும் சரி. என் குவெரிக்குத்தான் நேரம் என்று ஒன்று இருப்பது தெரியவில்லை. பின்னோக்கி நடக்கும்போது ஒவ்வோர் அடியும் அதற்கு முந்திய நேரத்தில் நடந்ததாக இருக்க வேண்டும். இன்று லாரியில் ஏறிய உப்பு நாளைக்கு நடக்கப்போகும் நகர்வில் இருந்து வந்திருக்க முடியாது. உப்பு நகர்ந்த நேரத்தை வைத்து ஒரே ஒரு நிபந்தனை சேர்த்தேன். தகவல் வந்து சேர்ந்த நேரத்தை வைத்திருந்தால் கணக்கு குழம்பியிருக்கும். டவர் இல்லாமல் பல ரோக்கள் முன்பின்னாக வந்திருந்தன.

மறுபடி ஓட்டினேன். நிமிர்ந்து உட்கார்வதற்குள் பதில் வந்துவிட்டது.

வாடை வந்த எல்லா பேட்ச்சுகளிலும் பன்னிரண்டாம் குவியலின் உப்பு இருந்தது. சில நேராகப் போனவை, சில ஏழாம் குவியல் வழியாகப் போனவை. நல்ல பேட்ச்சுகள் சிலவற்றிலும் பன்னிரண்டு இருந்தது. ஆனால் அவை எல்லாம் அந்த மழை மிரட்டலுக்கு முந்திய வாரத்துக்கு முன்பே ஏற்றியவை. அந்த வாரம் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். கடல்தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினை அப்போதுதான் அந்தப் பக்கம் மாற்றி வைத்தார்கள் என்றார் கௌசல்யா. தனசேகர் செருப்பை மாட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்.

நான் குவெரியை முன்னோக்கித் திருப்பினேன். அந்த வாரத்துக்குப் பிறகு பன்னிரண்டில் இருந்தும் ஏழில் இருந்தும் வேறு எங்கெல்லாம் உப்பு போயிருக்கிறது? பெங்களூருக்குப் போன லாரிகள் எல்லாம் வந்தன. கூடவே ஒரு சின்ன வண்டி, கூனிமேட்டில் ஒரு கருவாட்டுக் கொட்டகைக்கு. அலுவலகத்தின் தினசரி அறிக்கையில் அந்த லோடு இல்லவே இல்லை. கௌசல்யா எட்டிப் பார்த்துவிட்டு, "நான்தான் ஏத்தி அனுப்புனேன். அன்னிக்கு டவரே இல்ல. ரெண்டு நாள் கழிச்சுத்தான் போன்ல இருந்து போச்சு" என்றார். ரோ தாமதமாக வந்திருந்தது, ஆனால் தொலைந்துபோகவில்லை.

இர்ஃபானுக்கு அந்தக் கொட்டகைக்காரரைத் தெரியும். உடனே போன் போட்டான். "மாமு, எங்ககிட்ட எடுத்த உப்பு மூட்டையைப் பிரிச்சிட்டீங்களா? இல்லியா? சரி, ஒரு மூட்டையை மட்டும் பிரிச்சு மோந்து பாருங்க" என்றான். நாங்கள் காத்திருந்தோம். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினான். டீசல். அன்று மதியம் பெரிய வலையில் வந்த மீன் முழுவதையும் அந்த உப்பில் போடுவதாக இருந்தார்களாம். நல்லவேளையாக மூட்டைகளை ஓரம் கட்டிவிட்டார்கள்.

அதற்குள் தனசேகர் மேட்டில் இருந்து கூப்பிட்டார். இன்ஜினின் எரிபொருள் குழாய் கசிந்து, மண்ணுக்கு அடியில் ஊறி, பன்னிரண்டாம் குவியலின் அடிப்பக்கம் வரை போயிருக்கிறது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மண்வெட்டியால் அடியை வெட்டினால் வாடை தூக்கியது. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

6. பிரித்துப் பாருங்கள்

நரசிம்மனைக் கூப்பிட்டேன். கூட்டம் ஆரம்பித்துவிட்டது, ஸ்பீக்கரில் போடுகிறேன் என்றார். இரண்டு குவியல், ஒரு குறிப்பிட்ட வாரத்துக்குப் பிறகு ஏற்றியது, அவ்வளவுதான். மற்ற எல்லா உப்பும் சுத்தம் என்று சொன்னேன்.

அந்தப் பக்கம் யாரோ ஒருவர், கம்ப்யூட்டரில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், இதை நாங்கள் எப்படி நம்புவது என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குக் கோபம் தரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

"சார், உங்க குடோன்ல இருக்கிற பேட்ச் எதை வேணும்னாலும் சொல்லுங்க. எனக்கு நீங்க அனுப்பாத நம்பரா சொல்லுங்க. வாடை வருமா வராதான்னு நான் மொதல்ல சொல்றேன். அப்புறம் பிரிச்சுப் பாருங்க" என்றேன்.

தனசேகர் பயந்துபோய் என் கையைப் பிடித்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் இர்ஃபானைப் பார்த்தேன். அவன் கீபோர்டில் கையை வைத்துத் தயாராக இருந்தான்.

நரசிம்மன் ஒரு பேட்ச் எண் சொன்னார். இர்ஃபான் தட்டினான். வராது என்றேன். குடோனில் யாரோ பிரிக்கும் சத்தம் போனில் கேட்டது. சுத்தம். அடுத்தது வரும் என்றேன். வந்தது. அடுத்தது வராது, அதற்கடுத்ததும் வராது. ஒன்றைச் சொன்னபோது நான் கொஞ்சம் யோசித்தேன். அந்த பேட்ச்சில் பல லாரி கலந்திருந்தது. ஒரே ஒரு லாரியில் மட்டும் ஏழாம் குவியலின் உப்பு, அதுவும் கொஞ்சம். லேசாக வரும் சார், நன்றாக முகர்ந்து பார்க்க வேண்டும் என்றேன்.

பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு நரசிம்மன், "லேசா வருதும்மா" என்றார்.

அதற்குப் பிறகு அவர்கள் எண் எதுவும் சொல்லவில்லை. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அவரே பேசினார். அந்த இரண்டு குவியலைத் தவிர மற்றதை எல்லாம் எடுத்துக்கொள்கிறோம், கடைகளில் இருந்து எந்த பேட்ச்சைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று மட்டும் அனுப்புங்கள் என்றார். இர்ஃபான் அவர் பேசி முடிப்பதற்குள் அனுப்பிவிட்டான்.

வாசலுக்குப் போய்ச் சொன்னது கௌசல்யாதான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லாரிகள் ஒவ்வொன்றாக இன்ஜினைக் கிளப்பி ரோட்டில் ஏறின. தனசேகர் வெளியே நின்று ஒவ்வொரு டிரைவருக்கும் கை காட்டினார், கல்யாண வீட்டில் விருந்தாளிகளை வழியனுப்புவதுபோல. திரும்பி வந்து எனக்கும் இர்ஃபானுக்கும் தானே போய் டீ வாங்கி வந்தார். அவர் டீ வாங்கி வந்து அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை.

7. கற்றது

இந்தத் துறைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் எந்த டேட்டாபேஸ் நல்லது என்று கேட்கிறார்கள். பல நல்லவை இருக்கின்றன. நான் கற்றது வேறு. இன்று யாராவது கேட்கிற ரிப்போர்ட்டுக்காக டேபிள் போட்டால், அந்த ரிப்போர்ட் வரும். நாளைக்கு வேறு கேள்வி வந்தால் கை விரிக்க வேண்டும். நடந்ததை நடந்தபடி, நடந்த நேரத்தோடு வைத்துவிட்டால், நீங்கள் கனவிலும் நினைக்காத கேள்விக்கும் பதில் அங்கே இருக்கும். அதற்கு, சரக்கு எப்படி நகர்கிறது என்று நேரில் போய் நின்று பார்க்க வேண்டும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பெங்களூர் கம்பெனி எங்களிடம் வாங்குவதைக் கூட்டியது. பாக்கெட்டில் ஒரு க்யூ.ஆர். கோடு போட வேண்டும், அதைப் போனில் ஸ்கேன் செய்தால் உப்பு எடுத்தவர் பெயர் வர வேண்டும் என்றார்கள். ஒரு பெயர் போட்டால் பார்க்க அழகாக இருக்கும் என்றது அவர்களின் விளம்பரப் பிரிவு. ஒரு பாக்கெட்டில் ஒரே ஆளின் உப்பு இருக்காது, எல்லார் பெயரும் வந்தால்தான் நான் டேட்டா தருவேன் என்றேன். இழுபறிக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். இப்போது ஸ்கேன் செய்தால் பாத்தி வாரியாக, வாரியவர்களின் பெயர் நீளமாக வருகிறது.

போன மாதம் கௌசல்யாவிடம் இருந்து போன். திண்டிவனத்தில் ஒரு மளிகைக் கடையில் நின்றுகொண்டிருந்தார். தங்கை வீட்டுக்கு வந்த இடத்தில் உப்புப் பாக்கெட்டைப் பார்த்திருக்கிறார், ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார். வரிசையில் அவருடைய பெயரும் வந்திருக்கிறது. சீசன் ஆரம்பத்தில் ஆள் பற்றாமல் அவரும் பாத்தியில் இறங்கி வாரிய நாட்கள் உண்டு.

"அக்கா, இந்தக் கடைக்காரரு நம்ப மாட்டேங்கறாரு. நீங்களே சொல்லுங்க" என்று போனை அவரிடம் கொடுத்தார்.

"ஏம்மா, இந்தப் பாக்கெட்டு உப்பு இவங்க எடுத்ததா?" என்று அந்த மனிதர் சந்தேகத்தோடு கேட்டார்.

ஆமாங்க, அவங்க எடுத்ததுதான் என்றேன்.

"எப்பிடிச் சொல்றீங்க?"

பேட்ச் எண்ணைப் படிக்கச் சொன்னேன். அவர் நிதானமாக, எழுத்துக் கூட்டுவதுபோல் படித்தார். நான் லேப்டாப்பைத் திறந்தேன்.